ஓட்டுநரும் நடத்துநரும்



இலக்கிய வட்டத்தின் பத்தாம் ஆண்டு விழாவில் மாரடைப்பைப் பற்றிய பேச்சுக்கு இடமுண்டோ என்று புலவர் பெருமக்கள் வினவக்கூடும். நெஞ்சை விளித்துப் பாடாத கவிஞர் அரியர். நெஞ்சக்கூட்டினுள் துடிக்கும் தசையை நினைப்போரோ அவரினும் அரியர். கற்பதும் கற்பிப்பதும் எழுதுவதுமாக நாற்காலியிலேயே நாளைக் கழிப்பவர்க்கு அத்தசையின் கதை அயலானது அன்று.

அக்கதையின் ஒரு பகுதி இலண்டன் மாநகரின் மாடிப் பேருந்துகளில் நிகழ்ந்தது. இரண்டாம் உலகப் போருக்குப் பின் இங்கிலாந்தில் மாரடைப்பு பெருகியது, காரணம் விளங்கவில்லை. ஜெரமி மாரிஸ் என்னும் மருத்துவ அறிஞரும் அவர்தம் குழுவினரும் 35 முதல் 64 வயது வரையுள்ள போக்குவரத்துத் தொழிலாளர் ஏறத்தாழ 31,000 பேரின் நோய்க்குறிப்புகளை ஆராய்ந்தனர். ஒரே நிறுவனம், ஒரே வண்டி, வாழ்நிலையும் ஏறக்குறைய ஒன்றே. ஆயின் ஓட்டுநர் பணிநேரத்தின் பெரும்பகுதியும் அமர்ந்திருந்தார். நடத்துநரோ பயணச்சீட்டு வழங்க நாள்தோறும் 500 முதல் 750 படிகள் வரை ஏறினார். 1953ஆம் ஆண்டு 'லான்செட்' இதழில் முடிவு வெளிவந்தது. நடத்துநர்க்கு மாரடைப்பு குறைவாகவே வந்தது. வந்தபோதும் வயது முதிர்ந்தபின் வந்தது. உயிரைக் கவர்ந்ததும் குறைவே.

ஓடு என்னும் வினையின் பிறவினை ஓட்டு. நட என்பதன் பிறவினை நடத்து. ஓட்டியவர் ஓடவில்லை, நடத்தியவர் மெய்யாகவே நடந்தார். சொல்லை ஆக்கியோர் இதனை எண்ணியிருக்க மாட்டார்கள்!

பருத்த உடலினர் ஓட்டுநர் வேலையை நாடிச் சென்றிருக்கலாமன்றோ? இந்த ஐயத்தை எழுப்பியவர்களும் மாரிஸ் குழுவினரே. சீருடைக் காற்சட்டைகளின் இடுப்பளவைத் திரட்டி 1956இல் வெளியிட்டனர். ஓட்டுநரின் இடை பெரிதாகவே இருந்தது! தம் முடிவை அசைக்கக்கூடிய சான்றைத் தாமே தேடி அவைமுன் வைத்த அந்நேர்மை, நூல் திறனாய்வோர்க்கும் வேண்டுவதொன்று. பின்னர் தொடர்ந்த ஆய்வில், மெலிந்தவராயினும் பருத்தவராயினும் நடத்துநர்க்கே இடர் குறைவு எனத் தெரிந்தது. நடந்தும் மிதிவண்டியிலும் அஞ்சல் வழங்கியோரை மேசைப் பணியாளரோடு ஒப்பிட்டபோதும் அவ்வாறே.

உழைக்கும் தசை, இன்சுலினை மிகுதியும் எதிர்பாராமலேயே குருதியிலுள்ள சர்க்கரையை ஈர்த்துக்கொள்கிறது. பழகிய இதயம் ஒவ்வொரு துடிப்பிலும் கூடுதலான குருதியைச் செலுத்துவதால் ஓய்வில் மெல்லத் துடிக்கிறது. குருதியழுத்தமும் தணிகிறது.

நடுத்தர வயதினர் கருத வேண்டிய செய்தி வேறொன்றுண்டு. அரசு அலுவலரிடையே மாரிஸ் பின்னாளில் நடத்திய ஆய்வில், இளமையில் விளையாடிப் பின்னர் விட்டவர்க்கு அக்காப்பு நிலைக்கவில்லை. கல்லூரிக் காலத்துக் கோப்பைகள் இங்கே கணக்கில் வாரா.

நடத்துநரோடு ஓடிய பழைய மாடிப் பேருந்துகள் இலண்டனின் வழக்கமான தடங்களிலிருந்து 2005 திசம்பரில் விலக்கப்பட்டன. வேலை தந்த உழைப்பை இனி ஓய்வுநேரத்தில்தான் தேட வேண்டும். வாரந்தோறும் 150 முதல் 300 நிமிடம் வரை விரைநடை போன்ற மிதமான உழைப்பும், இரு நாளேனும் தசைக்கு வலுவூட்டும் பயிற்சியும் வேண்டுமென உலக நல நிறுவனம் 2020இல் வகுத்தது. ஒரே மூச்சில் பத்து நிமிடமேனும் செய்தாக வேண்டும் என்ற பழைய வரையறையையும் அது நீக்கியது. இதயநோய் உடையவர் மருத்துவரைக் கேட்டுத் தொடங்குதல் நன்று. ஏனையோர் இன்று இல்லம் திரும்பும்போதே ஒரு நிறுத்தம் முன்னதாக இறங்கிக்கொள்ளலாம்.