இரைப்பை சுருங்கிய பின்னர்

வயிற்றின் கொள்ளளவைக் குறைத்துவிட்டால் உண்ணும் உணவு குறையும். உணவு குறைந்தால் உடலும் மெலியும். இக்கணக்கிலே பிழை காண்பது எளிதன்று. அறுபது ஆண்டுகளுக்கு மேலாகச் சத்திரசிகிச்சை வைத்தியர்கள் இக்கணக்கை நம்பியே பருத்த உடலினர்க்குச் சிகிச்சை செய்து வந்திருக்கின்றனர். அதனாற் பயன்பெற்றோர் உலகெங்கும் இலட்சக்கணக்கினர். ஆயினும், சிகிச்சை முடிந்து இரண்டு மூன்று ஆண்டுகள் சென்றபின் அவர்களுட் சிலர் வைத்தியசாலையின் பக்கம் தலைகாட்டுவதையே நிறுத்திவிடுகின்றனர். நோய் முற்றாகத் தீர்ந்துவிட்டது என்பதனால் அன்று. குறைந்த எடை மெல்ல மெல்லத் திரும்பி வருகின்றது. இனிப்பையும் பொரித்த பண்டங்களையும் நாடி மனம் அலைகின்றது. இதனை வைத்தியரிடம் வாய்விட்டுச் சொல்ல அவர்கள் வெட்கப்படுகின்றனர். அந்த வெட்கத்துக்கு நியாயம் உண்டா என்பதே இப்பேச்சின் பொருள்.

இச்சிகிச்சை தோன்றிய வரலாறு சுவையானது. 1954ஆம் ஆண்டிலே ஐக்கிய அமெரிக்காவின் மின்னசோற்றா மாநிலத்து வைத்தியர்கள், சிறுகுடலின் பெரும்பகுதியை உணவு தீண்டாதபடி விலக்கிவிட்டால் என்ன நிகழும் என்பதை நாய்களிற் சோதித்து அறிந்தனர். அவ்வழியே மனிதருக்குச் செய்யப்பட்ட சிகிச்சை எடையைக் குறைத்தது உண்மை. ஈரலையும் சிறுநீரகத்தையும் கெடுத்ததும் உண்மை. ஆதலாற் பின்னர் அது கைவிடப்பட்டது. அயோவாப் பல்கலைக்கழகத்து எட்வேட் மேசன் என்பார் வேறொன்றைக் கவனித்திருந்தார். புண் காரணமாக இரைப்பையின் ஒரு பகுதி நீக்கப்பெற்ற பெண்கள் பின்னர் எளிதிற் பருமனடைவதில்லை என்பதே அது. 1966இல் அவரும் அவருடைய துணைவரான சிக்காசி இற்றோவும் இரைப்பையின் மேற்பகுதியை மாத்திரம் சிறு பையாகப் பிரித்து, அதனைச் சிறுகுடலோடு பொருத்தினர். இன்று செய்யப்படும் மாற்றுவழிச் சிகிச்சை அதன் வழித்தோன்றலே. இப்போது அந்தப் பையின் அளவு ஏறத்தாழ 30 மில்லி லீற்றர். ஒரு கோழிமுட்டையினும் சிறியது. உலகில் இன்று மிகுதியாகச் செய்யப்படும் மற்றொரு முறையோ, இரைப்பையின் ஏறக்குறைய ஐந்தில் நான்கு பங்கை வெட்டி அகற்றி, எஞ்சியதை ஒடுங்கிய குழாய்போல ஆக்கிவிடுகின்றது.

சிகிச்சைக்குப் பின்வரும் முதலாண்டு பலருக்கு ஒரு வசந்தகாலம். சில கவளங்களில் வயிறு நிறைந்துவிடும். பலருக்குப் பசியென்பதே எங்கோ ஓடி ஒளிந்துகொள்ளும். முன்னர் விரும்பி உண்ட இனிப்பு திகட்டும். பொரித்த இறைச்சியின் மணமே வெறுப்பூட்டும். நீரிழிவுக்கு மருந்து உண்டவர் சிலர் வீடு திரும்பும் முன்னரே மருந்தின் அளவைக் குறைக்கும்படி ஆகின்றது. ஆடைகள் தளர்கின்றன, படியேறும்போது வாங்கிய மூச்சு இப்போது வாங்குவதில்லை. இத்தனைக்கும் பை சிறுத்தது மாத்திரமே காரணம் என்று ஒருகாலத்தில் எண்ணினர்.

அது முழு உண்மை அன்று என்பதைப் பிந்திய ஆராய்ச்சிகள் காட்டின. இரைப்பை என்பது உணவைத் தாங்கும் வெறும் பையன்று. மூளையோடு ஓயாது பேசிக்கொண்டிருக்கும் உறுப்பு அது. 1999இல் யப்பானிய ஆராய்ச்சியாளர் கொஜிமா, கங்காவா முதலியோர் இரைப்பையிற் சுரக்கும் ஓர் ஓமோனைக் கண்டறிந்து அதற்குக் கிறெலின் எனப் பெயரிட்டனர். உணவு வேளைக்கு முன் அது குருதியில் உயரும், பசியைத் தூண்டும். அது மிகுதியாகச் சுரப்பது இரைப்பையின் மேல்வளைவில். குழாயாக ஒடுக்கும் சிகிச்சையில் வெட்டி எறியப்படுவதும் அந்தப் பகுதியே. உணவு விரைந்து சிறுகுடலை அடைவதனால், போதும் என்று மூளைக்கு அறிவிக்கும் வேறு சில ஓமோன்களும் மிகுதியாகச் சுரக்கின்றன. இதற்கு நேர்மாறானது பத்தியத்தால் மெலிந்தவரின் நிலை. 2011இல் வெளியான மெல்பேண் ஆய்வொன்று, 10 வாரம் கடும் பத்தியம் காத்து மெலிந்தவர்களை ஓராண்டின் பின்னரும் சோதித்தது. பசியைத் தூண்டும் சுரப்புகள் அவர்களுடைய உடலில் அப்போதும் உயர்ந்தே நின்றன. உடல் இழந்ததை மீட்கும்வரை வாளாவிருப்பதில்லை.

சத்திரசிகிச்சை பெற்ற உடலும் அதே உடல்தான். முதலாண்டில் அது திகைத்து நிற்கின்றது, பின்னர் விழித்துக்கொள்கின்றது.

இங்கே தமிழ்மொழி நமக்கு உதவுகின்றது. பசி என்பது வேறு. வேட்கை என்பது வேறு. பசித்தவனுக்குக் கஞ்சியும் போதும். வேட்கை கொண்டவனோ கஞ்சியைக் கேட்பதில்லை. இன்னதுதான் வேண்டும் என்று பெயர் சொல்லிக் கேட்கின்றான். பசியின் குரலைச் சத்திரசிகிச்சை வெகுவாகத் தாழ்த்திவிடுகின்றது. வேட்கையோ வயிற்றில் மாத்திரம் பிறப்பதன்று. களைத்து வீடு திரும்பிய மாலை, தனிமை, மனத்தாங்கல், சிறுவயதிற் பழகிய மணம் ஆகிய எல்லாவற்றிலும் அதற்கு வேர் உண்டு. துன்பம் வந்தபோதெல்லாம் உணவிலே ஆறுதல் கண்டவருக்கு, சிகிச்சையின் பின் அந்த ஆறுதல் பறிபோகின்றது. துன்பம் மாத்திரம் இருந்த இடத்திலேயே இருக்கின்றது. இதனை முன்கூட்டியே எடுத்துச் சொல்லாமற் கத்தியை எடுக்கும் வைத்தியம் அரைகுறை வைத்தியமே.

உணவு குறைந்த உடல் மனத்தை எவ்வாறு ஆட்டிவைக்கும் என்பதற்கு ஒரு பழைய சான்று உண்டு. இரண்டாம் உலகப்போரின் இறுதிக் காலத்தில், மின்னசோற்றாப் பல்கலைக்கழகத்து விளையாட்டரங்கின் அடியில் அமைந்த ஆய்வுகூடத்திலே அன்செல் கீஸ் என்பார் 36 இளைஞரை அரைப்பட்டினியில் வைத்துச் சோதித்தார். போரிற் படைக்கலம் ஏந்த மனச்சான்று இடங்கொடாமையால் இச்சேவைக்கு முன்வந்தவர்கள் அவர்கள். 1945ஆம் ஆண்டிலே 24 வாரங்களாக உருளைக்கிழங்கும் ரொட்டியும் பெரும்பாலும் உண்டு, தம் எடையில் ஏறத்தாழக் காற்பங்கை இழந்தனர். அவர்களுடைய எண்ணமெல்லாம் உணவாயிற்று. சமையல் நூல்களை வாங்கிச் சேர்த்தவர் உண்டு. கோப்பையை நக்கியவர் உண்டு. கனவிலும் உணவையே கண்டவர் உண்டு. வேண்டியமட்டும் உண்ணலாம் என்ற நாள் வந்தபோது, வயிறு நிறைந்த பின்னரும் பசி அடங்கவில்லை என்று முறையிட்டனர் சிலர். அவர்களுடைய உடற்கொழுப்புப் பின்னர் முன்னிருந்த அளவையும் தாண்டியது. நல்லொழுக்கத்துக்காகத் தேர்ந்தெடுக்கப்பட்ட அவ்விளைஞரை எவரும் பெருந்தீனியர் என்று பழித்ததில்லை. பருமனானவர் ஒருவர் அதே வேட்கைக்கு ஆளாகும்போது மாத்திரம் உலகம் ஏன் நகைக்கின்றது?

எடை எவ்வளவு திரும்புகின்றது? இதற்கு நம்பத்தகுந்த விடை தந்தவர்கள் சுவீடன் நாட்டினர். 1987இல் தொடங்கிய அவர்களுடைய பெரும் ஆய்வில், சத்திரசிகிச்சை பெற்ற 2010 பேரும், அது பெறாத 2037 பேரும் பல்லாண்டுகள் பின்தொடரப்பட்டனர். மாற்றுவழிச் சிகிச்சை பெற்றோர் ஓரிரண்டு ஆண்டுகளில் தம் எடையில் 32 சதவீதத்தை இழந்திருந்தனர். பத்தாண்டுகளின் பின் அந்த இழப்பு 25 சதவீதமாக நின்றது. இரைப்பையைப் பட்டியால் இறுக்கிக் கட்டப்பெற்றோருக்கு 20 சதவீதம் 14 ஆகக் குறைந்தது. அதாவது, இழந்ததில் ஒரு பங்கு திரும்புவது பலருக்கும் இயல்பு; இழந்த அனைத்தும் திரும்புவது இயல்பன்று. 120 கிலோ கிராம் எடையுள்ள ஒருவர் 82க்கு இறங்கிப் பின்னர் 90க்கு ஏறினால், தராசின் முன்னே தோற்றுவிட்டதாக அழுகின்றார். இடைப்பட்ட 30 கிலோ கிராமை அவர் கணக்கிற் சேர்ப்பதில்லை. சிகிச்சை பெற்றோரிடையே மரணமும் குறைவாகவே நிகழ்ந்தது என்பதையும் அதே ஆய்வு 2007இல் அறிவித்தது.

இனி, வேட்கை தனக்கு வழி தேடிக்கொள்ளும் விதத்தைப் பார்க்க வேண்டும். சுருங்கிய இரைப்பை பெரிய விருந்தைத் தடுக்கும். சிறு சிறு விருந்துகளைத் தடுக்காது. காலையில் இரண்டு பிஸ்கற்று, பின்னர் ஒரு வாய் மிக்சர், தேநீரோடு ஒரு துண்டுக் கேக் என்று நாள் முழுவதும் ஆடு மேய்வதுபோல மேய்பவருக்கு வயிறு ஒருபோதும் நிறைந்ததாகத் தோன்றாது. கலோரி மாத்திரம் நிறைந்துவிடும். இதில் ஒரு கொடுமையும் உண்டு. இறைச்சியும், குழைந்து ஒட்டும் சோறும், பாணும் தொண்டைக்குக் கீழே நெஞ்சில் அடைத்துக்கொண்டு வருத்தும். ஐஸ்கிறீமும் பாயாசமும் தொதலும் வழுக்கிக்கொண்டு இறங்கிவிடும். உடலுக்கு வேண்டிய உணவு தண்டிக்கின்றது. வேண்டாத உணவு வரவேற்கின்றது. இந்நிலையில் ஒருவர் எதன்பக்கம் சாய்வார் என்பதை ஊகிக்கப் பெரும் புலமை வேண்டியதில்லை.

சீனி மிகுந்த உணவு, மாற்றுவழிச் சிகிச்சை பெற்றவரைச் சிலவேளை வேறுவகையில் தண்டிக்கும். அது சிறுகுடலுட் சடுதியாகக் கொட்டப்படும்போது வியர்வை பெருகும்; நெஞ்சு படபடக்கும்; தலை சுற்றும். ஓரிரு மணி நேரத்தின் பின் குருதியிற் சீனி அளவுக்குமீறித் தாழ்ந்து, கைகால் நடுங்குவதும் உண்டு. இத்தண்டனையே இனிப்பிலிருந்து காக்கும் வேலி என்று நம்புவோர் பலர். அந்த வேலி எல்லோருக்கும் இல்லை. இருப்பவருக்கும் காலப்போக்கிற் தளர்ந்துவிடலாம். தாழ்ந்த சீனியை உயர்த்த மீண்டும் இனிப்பையே நாடி, ஒரு சுழலில் அகப்பட்டுக்கொள்வோரும் உளர்.

மதுசாரத்தைப் பற்றியும் ஒரு சொல். மாற்றுவழிச் சிகிச்சையின் பின் மதுசாரம் குருதியில் மிக விரைவாக ஏறுகின்றது. அமெரிக்காவிற் பல வைத்தியசாலைகள் இணைந்து நடத்தி 2012இல் வெளியிட்ட ஆய்வொன்றில், மதுப்பழக்கக் கோளாறு உடையோரின் தொகை சிகிச்சைக்கு முன் 7.6 சதவீதமாகவும், இரண்டாம் ஆண்டில் 9.6 சதவீதமாகவும் காணப்பட்டது. உணவில் இழந்த ஆறுதலைக் கிண்ணத்திலே தேடியவர் எத்தனை பேர், உடலின் மாற்றத்தாலேயே வசப்பட்டவர் எத்தனை பேர் என்று பிரித்துச் சொல்வது கடினம்.

இத்தகைய சிகிச்சைகள் இன்று கொழும்பிலும் சென்னையிலும் செய்யப்படுகின்றன. ஆசிய மக்களுக்கு உடற்பருமனால் வரும் கேடு குறைந்த எடையிலேயே தொடங்கிவிடுவதனால், 2022இல் வெளியான சர்வதேச வழிகாட்டல் அவர்களுக்கு உரிய எல்லையையும் தாழ்த்தியே வகுத்தது. ஆகவே இது எங்கோ மேனாட்டில் நிகழும் கதை என்று ஒதுக்கிவிடுவதற்கில்லை. நம்மவர் வீடுகளில் இதற்கென்று ஒரு தனித் தொல்லையும் இருக்கின்றது. விருந்தோம்பலிற் பேர்பெற்ற மக்கள் நாம். சிகிச்சை பெற்றவர் அரைக் கோப்பை உணவோடு எழுந்தால், “இது என்ன, குருவி கொறித்ததுபோல! இன்னும் ஒரு கரண்டி வையுங்கோ” என்பார் மாமியார். அவரே அடுத்த ஆண்டில், “இவ்வளவு காசு கொட்டியும் பிள்ளை திரும்பவும் பருத்துவிட்டாளே” என்றும் சொல்வார். இரண்டும் அன்பினாற் சொல்லப்படுபவைதாம். கேட்பவளுக்கு இரண்டும் முள்ளாகவே தைக்கின்றன.

வெட்கத்தினால் வைத்தியசாலைக்குப் போகாதிருப்பது எடையைக் கூட்டுவதோடு நிற்பதில்லை. இரும்பு, கல்சியம், விற்றமின் பி12, விற்றமின் டி ஆகியவற்றை மாற்றப்பட்ட உடல் முன்போல ஏற்பதில்லை. அவற்றை வாழ்நாள் முழுவதும் உட்கொள்ள வேண்டியவர் பலர். குருதியை ஆண்டுதோறும் சோதிக்காதுவிட்டால், பருத்த உடலுக்குள்ளேயே ஊட்டக்குறைவு குடிகொள்ளும். விடாது வாந்தி எடுப்பவர் ஒருநாளும் தாமதித்தல் ஆகாது. விற்றமின் பி1 வற்றிப்போனால் மூளையும் நரம்பும் சில வாரங்களில் மீளாச் சேதம் அடையக்கூடும்.

திரும்பி வந்தவருக்கு வைத்தியர் செய்யக்கூடியது நிறைய உண்டு. பை விரிந்துவிட்டதா, இணைப்புத் துவாரம் அகன்றுவிட்டதா என்று குழாய்க் கருவியினாற் பார்க்கலாம். எடையைக் கூட்டும் வேறு மருந்துகள் எவையேனும் உட்கொள்ளப்படுகின்றனவா என ஆராயலாம். உணவில் மீனையும் முட்டையையும் பருப்பையும் முதலில் உண்டு, மெதுவாக மென்று, நீரை உணவோடு சேர்க்காமற் தனியே அருந்தும் பழைய ஒழுங்கை மீட்டுக் கொடுக்கலாம். எந்த நாளில், எந்த மனநிலையில் வேட்கை எழுந்தது என்று எழுதிவைக்கச் சொல்லி, உளவைத்தியரின் துணையையும் நாடலாம். அண்மைக்காலத்தில் மருந்தும் கைகொடுக்கின்றது. சிகிச்சைக்குப் பின்னும் போதிய எடை குறையாத 70 பேருக்கு, போதும் என்று மூளைக்கு உணர்த்தும் ஓமோனைப் போன்ற லிராகுளுறைட் என்னும் மருந்தை அல்லது வெறும் போலிமருந்தை நாள்தோறும் ஊசிவழி ஏற்றி, இலண்டனில் 24 வாரங்கள் சோதித்தனர். 2023இல் வெளியான அதன் முடிவின்படி, மருந்து பெற்றவர் ஏறத்தாழ 9 சதவீத எடையை இழந்தனர். போலிமருந்து பெற்றவர் ஒரு சதவீதமும் இழக்கவில்லை. இரு பிரிவினருக்கும் கிடைத்த புத்திமதி ஒன்றே.