ஊக்கமருந்தும் பத்திரிகையின் கடமையும்



2004 ஆழிப்பேரலையில் உயிர்தப்பிய நிக்கோபார்ச் சிறுமி டெபோரா ஹெரால்டு, இந்தியாவின் முன்னணி மிதிவண்டி வீராங்கனையானார். 2018இல் அந்தமான் நிக்கோபாரின் ஈசோ ஆல்பன் இளையோர் உலகப் போட்டியில் வெள்ளி வென்றார். இவர்களைக் கண்டு நம் தீவுகளின் சிறார் மிதிவண்டி ஏறுகின்றனர். உழைக்கும் குடும்பத்துக்குப் பதக்கம் என்பது அரசு வேலைக்கான வழியுமாகும். அந்த நம்பிக்கையை விலைபேசுவதே ஊக்கமருந்து வணிகம்.

இதில் பத்திரிகையின் கடமை யாது? லான்ஸ் ஆம்ஸ்ட்ராங் 1999 முதல் தொடர்ந்து ஏழுமுறை பிரான்சுச் சுற்றுப் போட்டியில் முதலிடம் பெற்றபோது, செய்தியாளர் பலர் புகழ்பாடினர். டேவிட் வால்ஷ் ஐயம் எழுப்பினார். அணி வீரர்களின் கால்களைப் பிடித்துவிடும் பணியாளராக இருந்த எம்மா ஓ'ரைலியின் சாட்சியத்தைக் கேட்டு எழுதினார். அவதூறு வழக்கு பாய்ந்தது. அவரது ஏடான சண்டே டைம்ஸ் 2006இல் பணம் கொடுத்து வழக்கை முடித்துக்கொண்டது. 2012இல் ஏழு பட்டங்களும் பறிக்கப்பட்டன. தொழிலாளியின் சொல்லே மெய்யாயிற்று.

நம் நாட்டில், சோதனையில் சிக்கிய வீரரின் பெயரோடு பெரும்பாலும் செய்தி முடிந்துவிடுகிறது. மருந்தைக் கொடுத்தவர் யார், பதக்கக் கணக்குக்காகக் கண்ணை மூடிக்கொண்டவர் யார் என்ற வினா எழுவதில்லை. இளம் வீரர் தடைபெற்று ஊர் திரும்புகிறார். வணிகர் அடுத்த சிறுவனைத் தேடுகிறார்.

வீரரின் பொறுப்பை மறைக்க வேண்டியதில்லை. ஆனால் நம் ஏடு அவ்விடத்தில் நின்றுவிடலாகாது. பயிற்சிக்கூடத்தின் உதவியாளரிடமும் சமையலரிடமும் துப்புரவுப் பணியாளரிடமும் நம் செய்தியாளர்கள் பேச வேண்டும். குப்பைக்கூடையில் விழும் ஊசியை முதலில் காண்பவர் அவர்களே. பேசுவோரின் வேலைக்கு ஊறு நேராமல் காப்பது நம் தொழிற்சங்கங்களின் பொறுப்பு.