படுக்கைப்புண்: முதுகை யார் பார்ப்பது?

(டிரஸ்டின் மாதக் கூட்டத்தில் செயலாளர் ஆற்றிய உரை)



ஆஸ்பத்திரிக்கு நலம் விசாரிக்கப் போகிறோம். பழம் கொடுக்கிறோம், துஆ செய்கிறோம், முகத்தைப் பார்த்துவிட்டு வருகிறோம். நோயாளியின் முதுகை யாராவது பார்க்கிறோமா?

பல நாட்டு ஆய்வுகளைத் தொகுத்து 2020-இல் ஒரு கணக்கு வெளியானது. ஆஸ்பத்திரியில் இருக்கும் பெரியவர்களில் 100-க்கு ஏறக்குறைய 13 பேருக்குப் படுக்கைப்புண். அதாவது, எட்டுக் கட்டில் உள்ள வார்டில் ஒருவருக்கு. 100-க்கு 8 பேருக்கு அது ஆஸ்பத்திரிக்குள் வந்த பிறகே உண்டாகிறது. பெரும்பாலானவை ஆரம்ப நிலைப் புண்கள்தான். அப்போதே கண்டுகொண்டால் ஆழமாகப் போகவிடாமல் தடுக்கலாம்.

எலும்புக்கும் மெத்தைக்கும் நடுவே சதை நசுங்கி, அங்கே ரத்த ஓட்டம் நின்றுபோவதுதான் காரணம். முதுகுத்தண்டு முடியும் இடம், குதிகால், இடுப்பின் பக்கவாட்டு எலும்பு, இந்த மூன்றையும் தினமும் பாருங்கள். ஆக்சிஜன் குழாய் அழுத்தும் காதின் பின்புறத்தையும் பாருங்கள். தோல் சிவக்கும் என்பார்கள். நம் நிறத்துக்குச் சிவப்பு எங்கே தெரியப்போகிறது? சுற்றியுள்ள தோலைவிடக் கறுத்திருக்கும். தொட்டால் சூடாகவோ கெட்டியாகவோ இருக்கும்.

இங்கே நம் வீடுகளின் சங்கடம் ஒன்றைச் சொல்லியாக வேண்டும். உம்மாவின் இடுப்புக்குக் கீழே மகன் பார்க்க முடியாது. மருமகள் கூச்சப்படுவார். வாப்பாவோ மகள் வந்தால் போர்வையை இழுத்துக்கொள்வார். கடைசியில் நாற்றம் வந்த பிறகுதான் விஷயம் தெரிகிறது. தெரிந்தாலும், சரியாகக் கவனிக்கவில்லை என்று ஊர் பேசுமே என்று மறைக்கிறோம். வேண்டாம். யார் பார்ப்பது என்று முதல் நாளே வீட்டில் பேசி முடிவு செய்யுங்கள். ஆளில்லையென்றால் நர்ஸிடம் வாய்விட்டுக் கேளுங்கள். சர்க்கரையால் உணர்ச்சி மரத்தவரும் பக்கவாதம் வந்தவரும் வலிக்கிறது என்று சொல்லமாட்டார்கள்.

இரண்டு மணிக்கு ஒருமுறை புரட்டிப் படுக்க வைப்பது பழைய வழக்கம்; எவ்வளவு நேரத்துக்கு ஒருமுறை என்று டாக்டரிடமும் கேட்டுக்கொள்ளுங்கள். இழுக்காமல் தூக்கிப் புரட்டுங்கள். கெண்டைக்காலுக்குக் கீழே தலையணை வைத்தால் குதிகால் மெத்தையில் படாது. நிறம் மாறிய இடத்தில் எண்ணெய் தேய்க்காதீர்கள். ரப்பர் வளையமும் வேண்டாம். அதன் விளிம்பே ரத்தத்தைத் தடுக்கும். முட்டை, மீன், பருப்பு எதுவென்றாலும் டாக்டர் அனுமதிக்கும் அளவுக்குக் கொடுங்கள்.

நம் டிரஸ்டில் இரவலாகத் தரும் காற்று மெத்தையில் படுத்தவரையும் புரட்டத்தான் வேண்டும். வாங்க வருபவர்கள் நோயாளியின் எடையைக் கேட்டுக்கொண்டு வாருங்கள். பம்பில் காற்றின் அளவை அதற்குத் தக்கபடிதான் திருப்பி வைக்க வேண்டும்.