சுற்றுச்சூழல் இயக்கத்தில் பயிற்சி: நம் பிள்ளைகள் ஏன் போவதில்லை?



முதுகலை படிக்கும் பிள்ளை மூன்று மாதம் பயிற்சிக்குப் போகிறது என்றால், நம் வீடுகளில் முதல் கேள்வி "அலவன்ஸ் எவ்வளவு?" என்பதுதான். வங்கி, எண்ணெய் நிறுவனம் என்றால் சரி என்பார்கள். அரசு சாரா சுற்றுச்சூழல் இயக்கம் என்றதும், "கொடி பிடிக்கப் போறியா?" என்பார்கள். என் அப்பாவும் அப்படித்தான் கேட்டார். லாரி ஓட்டிப் படிக்க வைத்தவர் கேட்பதில் நியாயம் இருக்கிறது. செமினியிலிருந்து பெட்டாலிங் ஜெயா போய் வரும் பெட்ரோலுக்கே அந்தத் தொகை போதவில்லை.

ஆனால், செமினியில் இருப்பவர்கள் இந்தக் கேள்வியை அவ்வளவு சுலபமாகக் கேட்டுவிட முடியாது. புரோகாவை நினைத்துப் பாருங்கள். பூச்சோங், கம்போங் போஹோலில் கட்டுவதாக இருந்த குப்பை எரியுலைத் திட்டம், அங்கே எதிர்ப்பு வந்ததும் 2002-இல் நம் பக்கம் திரும்பியது. நாளொன்றுக்கு 1,500 டன் குப்பை, ஏறக்குறைய 150 கோடி ரிங்கிட் செலவு. கிராம மக்கள் நீதிமன்றம் போனார்கள். 2007-இல் அரசாங்கம் அத்திட்டத்தைக் கைவிட்டது.

மறியல் மட்டும் செய்திருந்தால் இது நடந்திருக்காது. நம் வீட்டுக் குப்பையில் ஏறத்தாழ பாதி ஈரமான சாப்பாட்டுக் கழிவு. அது நன்றாக எரியாது. போதிய சூடு இல்லாமல் பிளாஸ்டிக் எரிந்தால் டையாக்சின் என்ற நச்சு உண்டாகும். இந்த விவரங்களை யாரோ உட்கார்ந்து படித்து, எழுதி, மக்களுக்குப் புரியும்படி சொல்லியிருக்கிறார்கள். இயக்கங்களில் நடக்கும் வேலை பெரும்பாலும் இதுதான்.

நான் போன இடத்தில் முதல் இரண்டு வாரம் புகார் தொலைபேசி எடுப்பதுதான் வேலை. "ஆறு நாறுகிறது" என்று சொன்னால் எந்த அலுவலகமும் அசையாது. எந்த இடம், எந்தப் பாலத்துக்குக் கீழே, எத்தனை மணிக்கு, தண்ணீர் என்ன நிறம், எந்தக் கால்வாயிலிருந்து வந்தது, படம் உண்டா? இத்தனையும் கேட்டுக் கடிதம் எழுத வேண்டும். பல்கலைக்கழகத்தில் நான் எழுதிய எந்தக் கட்டுரையையும்விட அந்த ஒரு பக்கக் கடிதம் கடினமாக இருந்தது.

பிறகு, சுற்றுச்சூழல் பாதிப்பு மதிப்பீட்டு அறிக்கைகளைக் கையில் கொடுத்தார்கள். நூற்றுக்கணக்கான பக்கங்கள், ஆங்கிலமும் மலாயும். குறிப்பிட்ட சில பெரிய திட்டங்களின் அறிக்கைகளைப் பொதுமக்கள் பார்த்துக் கருத்துச் சொல்லச் சட்டம் இடம் தருகிறது என்பதே நம்மில் பலருக்குத் தெரியாது. திட்டத்தைச் சுற்றி யார் வசிக்கிறார்கள் என்ற பகுதியைத்தான் நான் முதலில் தேடுவேன். ஓர் அறிக்கையின் வரைபடத்தில் வீடமைப்புப் பகுதியெல்லாம் இருந்தது. பக்கத்துத் தோட்டத்து லயன் வீடுகளும் அம்மன் கோயிலும் இல்லை. அங்கே இன்னும் குடும்பங்கள் இருந்தன. வரைபடத்தில் இல்லாத ஆளிடம் யார் வந்து கருத்துக் கேட்பார்கள்?

நம் பிள்ளைகள் அங்கே வேண்டும் என்று நான் சொல்வது இதற்காகத்தான். அந்த லயன் வீடுகளை ஒரு தமிழ்ப் பிள்ளை தேடுவாள்.

ஆற்று நீரின் தரத்தை இந்நாட்டில் ஆறு அளவுகளை வைத்துக் கணக்கிடுகிறார்கள். கரைந்த ஆக்சிஜன், அம்மோனியா நைட்ரஜன், மிதக்கும் திடப்பொருள் என்று அந்தப் பட்டியல் போகிறது. இதை ஒரு தாமானில் தமிழில் விளக்கிக் கொண்டிருந்தேன். முன் வரிசையில் இருந்த பாட்டி ஒருவர், "ஏம்மா, குழாய்த் தண்ணியைக் குடிக்கலாமா, கூடாதா? அதைச் சொல்லு" என்றார். அதற்கு நேராகப் பதில் சொல்லப் பழகவே எனக்கு ஒரு மாதம் பிடித்தது. 2016-இல் துர்நாற்றத்தால் செமினி ஆற்று நீர்ச் சுத்திகரிப்பு நிலையம் திரும்பத் திரும்ப மூடப்பட்டு, வாளியோடு லாரிக்குக் காத்திருந்தவர்களில் அவரும் ஒருவர்.

இது ஆபத்தான வேலையா என்று பெற்றோர் கேட்கிறார்கள். ஒரு காலத்தில் ஆபத்து இருந்தது, மறுக்கவில்லை. பினாங்கு பயனீட்டாளர் சங்கத்தின் வழக்கறிஞர் மீனாட்சி ராமன் 1987-இல் லாலாங் நடவடிக்கையில் கைது செய்யப்பட்டார். புக்கிட் மேரா மக்கள் அரிய மண் ஆலைக்கு எதிராக நடத்திய வழக்கில் பாடுபட்டவர் அவர். 1992-இல் ஈப்போ உயர் நீதிமன்றத்தில் வென்ற அந்த மக்கள் மறு ஆண்டு மேல்முறையீட்டில் தோற்றார்கள். ஆனாலும் 1994-இல் ஆலை மூடப்பட்டது. அதே மீனாட்சி ராமன் பின்னாளில் சஹாபாட் அலாம் மலேசியாவின் தலைவரானார். இன்று பயிற்சி மாணவரைத் தேடி யாரும் கைவிலங்கோடு வருவதில்லை. வெயிலும் கொசுவும்தான் தொல்லை.

எல்லா இயக்கமும் நல்ல பயிற்சி தரும் என்றும் சொல்ல மாட்டேன். சில இடங்களில் மூன்று மாதமும் பதாகை கட்டுவதும் நகல் எடுப்பதுமாகப் போய்விடுகிறது. அதனால் சேருவதற்கு முன் மூன்று விஷயங்களைக் கேட்டுக் கொள்ளுங்கள். என் வேலையை யார் மேற்பார்வை செய்வார்? களத்துக்கு அழைத்துப் போவீர்களா? முடிவில் என் பெயரில் ஓர் அறிக்கையாவது இருக்குமா? போக்குவரத்துச் செலவையும் கூச்சப்படாமல் கேளுங்கள். பல இடங்களில் கேட்டால்தான் தருவார்கள்.

அப்பா இப்போது என் கடிதங்களை வாங்கிப் படிக்கிறார். போன மாதம் காஜாங் சாலையோரக் கால்வாயில் நுரையைப் பார்த்து, லாரியை நிறுத்திப் படம் எடுத்து, மணி 6.40 என்று குறித்தும் அனுப்பியிருந்தார். அந்தப் புகாருக்கு இன்னும் பதில் வரவில்லை.