இரு வர்ணச் சால்வை

கும்மிடிப்பூண்டித் தொழிற்சாலைகளில் காலை ஷிப்டுச் சங்கு ஊதுகிற வேளையில், திருவள்ளூர் ஜில்லாவின் மேற்குக் கோடியில், அம்மையார்குப்பத்திலும் பொதட்டூர்ப்பேட்டையிலும் தறிகளின் ஓசை எழுந்துவிடுகிறது. இரு வர்ணத் துணியின் ரகசியம் அந்தத் தறியில்தான் இருக்கிறது.

நீளவாட்டில் ஓடும் நூல் பாவு. குறுக்கே ஓடும் நூல் ஊடை. பாவு நீலமாகவும் ஊடை பச்சையாகவும் அமைந்துவிட்டால், நெய்து வரும் சால்வை நேரே நோக்கும்போது ஒரு வர்ணமாகவும், சற்றே சாய்த்து வெளிச்சத்தில் பிடிக்கும்போது வேறொரு வர்ணமாகவும் தோன்றும். மயில் கழுத்து நிறம் என்று நாம் ஆசையோடு சொல்வது இதைத்தான். பாவு ஒரு நிறம், ஊடை ஒரு நிறம், அவ்வளவே.

கடையில் சால்வை வாங்கும்போது அதன் முனையில் தொங்கும் குஞ்சத்தைப் பாருங்கள். அது பாவு நூல். ஆகையால் அங்கே ஒரே வர்ணம் தனித்து நிற்கும். குஞ்சத்தை ஒட்டிய குறுக்கு நூலை விரலால் மெல்ல நெருடினால், மற்ற வர்ணம் வெளிப்படும். பட்டில் இந்த ஜாலம் பளிச்சென்று தெரியும். பருத்தியில் இரண்டும் கலந்து சாந்தமாகத் தெரியும். எனக்குப் பருத்தியின் சாந்தமே அதிகப் பிரியம்.