தரையில் இருக்கிறது வேகம்

ஓட்டப் பயிற்சி கொடுப்பவன் நான். மைதானத்து ஓரத்தில் நிற்கும் பெற்றோர் எல்லாரும் பிள்ளையைப் பார்த்துக் கத்துவது ஒன்றுதான்: "காலை வேகமாப் போடு!" நானும் பல வருஷம் அதையே கத்தியவன்தான்.

2009, ஆகஸ்ட் 16, பெர்லின். உசைன் போல்ட் 100 மீட்டரை 9.58 நொடியில் முடித்தார். எத்தனை எட்டு வைத்தார், சொல்லுங்கள்? 41. சராசரியாக ஓர் எட்டுக்கு 2.44 மீட்டர், நம்ம ஆட்டோ நீளத்துக்குக் கொஞ்சம் குறைவு. காலை அடிக்கடி போட்டவர் இரண்டாவதாக வந்த டைசன் கே. அவருக்கு 9.71.

'போல்ட் உயரம் சார்' என்பீர்கள். பாதி சரி. மீதியை 2000இல் அமெரிக்க ஆய்வாளர் பீட்டர் வெயாண்டும் அவர் குழுவினரும் அளந்து காட்டினார்கள். தன் முழு வேகத்தில் ஓடும்போது, காலைத் தூக்கி முன்னே கொண்டுவர எடுக்கும் நேரம் வேகக்காரருக்கும் மந்தமானவருக்கும் ஏறக்குறைய ஒன்றேதான். வித்தியாசம் தரையில். பாதம் மண்ணைத் தொட்டிருக்கும் அந்தக் கணத்துக்குள் எவ்வளவு பலமாக அறைகிறோம் என்பதே கணக்கு. முன்னணி வீரர்களுக்கு அந்தக் கணம் 0.1 நொடிகூட இல்லை. அதற்குள் உடல் எடையைப் போலப் பல மடங்கு விசை இறங்க வேண்டும். கணுக்கால் தளர்ந்தால் போச்சு. காற்றுப் போன பந்து எழும்புமா?

என்னிடம் ஒரு பெண் ஓடுகிறாள். செல்போனில் நொடிக்கு 240 படம் வீதம் எடுத்துப் பார்த்தேன். அவள் பாதம் 34 படங்களுக்குத் தரையிலேயே கிடந்தது. குதிகால் பொத்தென்று அமுங்கியது. காலைப் பற்றிய பேச்சையே விட்டுவிட்டு, கயிறு தாண்டல், ஒற்றைக்கால் குதிப்பு என்று கணுக்காலை விறைக்க வைத்தோம். போன வாரம் எண்ணினேன், 29. போல்ட் மாதிரி ஆட்களுக்கு 24க்கும் கீழே. பார்க்கலாம்.

புறப்பாடு, கைவீச்சு எல்லாம் சொல்ல நேரமில்லை. ஒன்று மட்டும்: கடைசியில் எல்லாரும் தளர்வார்கள். பெர்லினில் 60இலிருந்து 80 மீட்டர்வரை போல்டுக்கு 1.61 நொடி, அடுத்த 20 மீட்டருக்கு 1.66.

அடுத்த மாதம் அவளுக்கு மாவட்டப் போட்டி. அவள் அம்மா ஓரத்தில் நின்று வழக்கம்போல் கத்துவார். இந்தப் பேச்சு ஒலிக்கும் இந்த நேரத்துக்கு அவர் வீட்டில் ரேடியோ பாடிக்கொண்டிருந்தால் நல்லது.