ஓலைச் சுருணையும் கணிப்பொறிச் சேமிப்பும்

(ஆண்டு விழாவில் நிகழ்த்திய சொற்பொழிவு)



நாம் வாழும் இப் பழவங்காடியிலிருந்து கோட்டைக்குள் சிறிது தூரம் நடந்தால் கேரள அரசின் மைய ஆவணக் காப்பகத்தை அடையலாம். பத்மநாபசுவாமி கோயிலைச் சார்ந்த மதிலகம் ஆவணங்கள் ஆங்கே ஓலைகளாகப் பேணப்படுகின்றன. நூற்றுக்கணக்கான ஓலைகளைச் சுருட்டிக் கட்டிய கட்டுக்குச் ‘சுருணை’ என்று பெயர். 2022 டிசம்பரில் ஓலைச்சுவடி அருங்காட்சியகம் ஒன்றும் அங்கே திறக்கப்பெற்றது. எழுதியதைக் காக்கும் கலை இந்நகருக்குப் புதிதன்று என்பதற்கு இஃதொன்றே போதிய சான்று.

அதே கலை இன்று கழக்கூட்டத்தில் வேறு வடிவில் நடைபெறுகிறது. 1990-இல் தோன்றிய டெக்னோபார்க்கில் நம் இல்லத்துப் பிள்ளைகள் பலர் பணிபுரிகின்றனர். நிறுவனங்களின் தரவுகளைக் காப்பதும், அவை சென்று வரும் வலையமைப்பை ஆள்வதும் அவர்களுள் பலருடைய தொழில். ஆயினும், “நீ செய்யும் வேலை யாது?” என்று தாய் வினவினால், “சர்வரைப் பார்த்துக்கொள்கிறேன்” என்பதற்கு மேல் தமிழில் விளக்க இயலாமல் திகைக்கின்றனர். அறிவு அவர்களிடம் இருக்கிறது, சொல் இல்லை. தொழிலுக்கு உதவாத மொழி நாளடைவில் அடுக்களைக்குள் ஒடுங்கிவிடும் என்பதை நாம் மறத்தலாகாது.

முன்னோர் இத்தகைய நிலையில் வாளா இருக்கவில்லை. 1916-இல் சேலத்தில் இராஜாஜியும் வெங்கடசுப்பையரும் அறிவியற் சொற்களைத் தமிழில் ஆக்குவதற்கென்றே ஒரு சங்கம் நிறுவினர். இத் திருவனந்தபுரத்தில் வழக்கறிஞராக விளங்கிய வையாபுரிப் பிள்ளை, 1926-இல் சென்னை சென்று தமிழ்ப் பேரகராதியின் பதிப்பாசிரியர் பொறுப்பை ஏற்று, 1936-இல் அப் பெரும்பணியை நிறைவு செய்தார். அவர் வாழ்ந்த ஊரில் வாழும் நமக்கும் ஒரு கடமை உண்டன்றோ?

சொல்லை ஆக்குவோர் முதற்கண் தொழிலை அறிதல் வேண்டும். ஆங்கிலச் சொல்லுக்கு அகராதிப் பொருளை எழுதிவிட்டால் கலைச்சொல் ஆகிவிடாது. ‘ரிடண்டன்சி’ என்னும் சொல்லையே எடுத்துக்கொள்வோம். இதனை ‘மிகைமை’ என்று பெயர்ப்பர். நன்னூலார் மிகைபடக் கூறலைக் குற்றங்களுள் ஒன்றாக வைத்தார். ஆதலின் மிகை என்றதும் வேண்டாதது என்றே நம் செவிக்குப் படும். சேமிப்புத் தொழிலிலோ அது குற்றமன்று. வேண்டுமென்றே செய்துகொள்ளும் ஏற்பாடு.

1988-இல் அமெரிக்காவின் பெர்க்கிலியில் பேட்டர்சன், கிப்சன், காட்ஸ் என்னும் மூவர், விலை குறைந்த பல வட்டுகளை ஓர் அணியாக அமைக்கும் முறையை ஆராய்ந்து கட்டுரை வெளியிட்டனர். ஒரு வட்டில் 5, மற்றொன்றில் 7, மூன்றாவதில் அவற்றின் கூட்டுத்தொகையாகிய 12 என எழுதி வைத்தால், எந்த ஒரு வட்டுப் பழுதுற்றாலும் எஞ்சிய இரண்டைக் கொண்டு இழந்ததைக் கணித்துவிடலாமன்றோ? உண்மையில் நிகழும் கணக்கு வேறு எனினும் கருத்து இதுவே. சாலைக் கடைத்தெரு வணிகர் கையிலுள்ள சரக்கை ‘இருப்பு’ என்பர். அதனையொட்டி இவ்வேற்பாட்டை ‘மாற்றிருப்பு’ எனலாம் என்பது என் கருத்து.

மாற்றிருப்பு வேறு, ‘பேக்கப்’ வேறு. ஒரு கோப்பை ஒருவர் கைதவறி அழித்தால், அணியிலுள்ள வட்டுகள் அனைத்தும் பழுதின்றி இருந்தும் அக்கோப்பு மறைந்துவிடும். வேறிடத்தில் முன்பே எடுத்து வைத்த படிதான் அதனை மீட்டுத் தரும். ஓலை செல்லரிக்குமுன் புதிய ஓலையில் எழுதிக்கொள்வதை நம்மவர் ‘படியெடுத்தல்’ என்றனர். ஆகவே பேக்கப்பைக் ‘காப்புப்படி’ என்போம். பயன்பாடு முடிந்தும் பேணத்தக்க மூலத்தை நெடுங்காலம் வைக்குமிடம் ‘ஆவணக் காப்பகம்’. இம் மூன்றையும் ஒரே சொல்லால் சுட்டினால், மாற்றிருப்பை வைத்துக்கொண்டு காப்புப்படி உண்டென நம்பி, ஒருநாள் அனைத்தையும் இழக்க நேரிடும். சொல்லில் நேரும் குழப்பம் பொருளிழப்பில் முடிகிறது.

இனி வலையமைப்பு. இதனைப் ‘பிணையம்’ என்பாரும் உளர். நீதிமன்றம் சென்று வந்தவருக்கோ அச்சொல் ஜாமீனையே நினைவூட்டும். இலங்கைத் தமிழர் வழங்கும் ‘வலையமைப்பு’ என்பதில் அம் மயக்கம் இல்லை. வலையமைப்பை ஆளும் பணியைப் பன்னாட்டுத் தர நிறுவனம் ஐந்தாக வகுத்தது: பழுது, அமைவு, கணக்கு, செயல்திறன், பாதுகாப்பு. எங்கே அறுந்தது, எக்கருவி எவ்வாறு பொருத்தப்பட்டுள்ளது, யார் எவ்வளவு பயன்படுத்தினர், எத்துணை விரைவாகச் செல்கிறது, அயலார் புகாமல் காப்பது எவ்வாறு என்பனவே அவை. இவ்வைந்தனுள் நம் பாட்டிமார் அறியாத கருத்து யாது?

‘சர்வர்’ என்பதற்கு ‘வழங்கி’ பொருந்தும். வழங்குதல், வழங்கல் என அதன் கிளைகளும் எளிதில் அமையும். ‘ரூட்டர்’ போன்றவற்றைத் தமிழ் ஒலிக்கேற்ப அவ்வாறே ஏற்பதிலும் இழுக்கில்லை. நள்ளிரவில் பழுது பார்ப்பவர் தொலைபேசியில் சொன்னதும் எதிரிலிருப்பவருக்கு ஐயமின்றி விளங்க வேண்டும். நல்ல கலைச்சொல்லுக்கு அதுவே உரைகல்.

இச்சபையில் நான் வேண்டுவது ஒன்று. நம் சங்க நூலகத்தில் ஒரு குறிப்பேடு வைப்போம். இளைஞர்கள் தாம் நாள்தோறும் வழங்கும் தொழிற்சொற்களையும் அவற்றின் செயலையும் அதில் எழுதட்டும். தமிழறிந்த பெரியோர் எதிரே ஏற்ற சொற்களை எழுதட்டும். ஆண்டுதோறும் இருசாராரும் கூடியிருந்து, வேண்டாதவற்றை நீக்கி, எஞ்சியவற்றை இம் மலரில் வெளியிடுவோம். அக் குறிப்பேட்டிற்கும் ஒரு காப்புப்படி எடுத்து வேறிடத்தில் வைக்க மறவாதிருப்போமாக!